துப்பறிவாளரை முந்திய மதியம்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில், கோம்பையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட் முழுக்க மாமாவின் ஆட்சியில் இருந்தது. அம்மாவின் தம்பியான அவர், போடியில் நடத்திய கடையை மூடிவிட்டு, பத்து நாள் தங்கிப் போவதாகப் பொங்கலுக்கு வந்தவர். ஆடி பிறந்தும் இருந்தார். எந்தப் படமானாலும் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார். அதில் அவரை யாரும் வென்றதில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கேபிளில், தமிழ் பேசும் ஆங்கிலப் படம் ஒன்று ஓடியது. எதிர்கால நகரம், படிக்கட்டுகளில்கூட மனிதர்கள் நெருக்கியடித்து உறங்கினார்கள். உணவு என்பது அளந்து தரப்படும் சாம்பல்நிறக் கட்டி. அரசின் தானியக் கிடங்கு காலி என்ற இரகசியம் தெரிந்த ஒருவன் தப்பிவிட, துப்பறிவாளர் வீடு வீடாகத் தேடினார். ஒரு வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் உண்ண அமர்ந்திருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் வெளியேறினார்.

“ஆளு கப்பலேறிட்டான்,” என்று மாமா தீர்ப்பளித்தார்.

“இல்ல மாமா. அந்த வீட்லதான் இருக்கான்,” என்றேன்.

வீட்டில் என் குரல் கேட்பதே அரிது. அப்பா திரும்பிப் பார்த்தார். மாமா கைகொட்டிச் சிரித்தார்.

“ஏத்தா, நீயா பேசுன? இன்னைக்கு மழைதான் போ! பந்தயம் வச்சுக்கிருவமா? நீ ஜெயிச்சா ரிமோட்டு ஒனக்கு. தோத்தா, இனிமே படம் ஓடையில மூச்சுவிடக் கூடாது.”

“சரி.”

“எப்படிக் கண்டுபிடிச்ச, அதச் சொல்லு மொத.”

“அந்தம்மா மட்டும் பசிக்கலைன்னு தட்டத் தள்ளி வச்சாகல்ல? வீட்ல ஒரு ஆளு கூட இருந்தா அப்படித்தான சொல்லுவாக. நம்ம அம்மா தெனமும் சொல்லுதுல்ல?”

“வாய மூடிட்டுப் படத்தப் பாரு,” என்றாள் அம்மா.

துப்பறிவாளர் துறைமுகம், சுரங்கம், சிறை என்று அலைந்தார். விளம்பரங்களின்போதும் நான் இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் அதே வீட்டுக்குத் திரும்பி, ஓர் அலமாரியை நகர்த்தினார். அதன் பின்னால், மடியில் தட்டுடன் அவன்!

நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அப்பா முதுகில் தட்டினார். மாமா எழுந்து நின்று, கோயிலில் பரிவட்டம் கட்டும் மரியாதையோடு, ரிமோட்டை இரு கைகளாலும் என்னிடம் ஒப்படைத்தார். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

அடுத்த நாளே அவர் பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் கிளம்பினார். “அவ சின்னப்புள்ளடா, ஏதோ சொல்லிட்டா,” என்று அம்மா அவர் பையைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னப்பிள்ளையிடம் தோற்ற வெட்கம் தாங்காமல் மாமா ஊரைவிட்டே போய்விட்டார் என்று நான் வகுப்பு முழுவதும் சொல்லி மகிழ்ந்தேன்.