அரைக் கிலோ சக்களத்தி

எங்கள் வீட்டில் எனக்கொரு சக்களத்தி இருக்கிறாள். நிறம் வெள்ளை, எடை அரைக் கிலோ, இருப்பிடம் டிவிக்குப் பக்கத்து மேசை. கடையில் அவளை வி.ஆர். ஹெட்செட் என்று சொல்லி விற்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கி வந்த அன்று நானும்தான் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தேன். போதாததற்கு, நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே அவருடைய பவருக்கு வில்லை செய்து அதற்குள் பொருத்திக் கொடுத்தேன். சக்களத்திக்கு மை தீட்டிவிட்ட புத்திசாலி எங்கள் குலாய் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, உடனே அதை மாட்டிக்கொள்வார். உள்ளே டேபிள் டென்னிஸ். எதிரில் ஆடுவது பினாங்கில் இருக்கும் ஒரு பெண். ஹாலில் நின்று வெறும் காற்றை அடித்தபடி வாய்விட்டுச் சிரிப்பார். அப்படி ஒரு சிரிப்பு என் பங்குக்கு வந்து ரொம்ப நாளாகிறது. சாப்பாட்டு மேசையில் எனக்குக் கிடைப்பதெல்லாம் "ம்", "சரி", "இன்னிக்குச் செம ஜாம் லா" அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாத்திரங்களைச் சத்தம் வரும்படி கழுவுவேன். அவர் காதில் எதுவும் விழாது.

எனக்கென்று இருந்த ஒரே துணை, அந்தக் கருவியின் குறைகள்தான். கனம் கன்னத்தை அழுத்தும். நெற்றி வேர்த்து வில்லையில் ஆவி படியும். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி உயிரை விட்டுவிடும். அப்போதுதான் முகத்தில் சிவந்த தடத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கழுத்து வலிக்குது, கொஞ்சம் தேச்சு விடேன்" என்பார். நானும் தேய்த்துவிடுவேன். அதனால் அவர் அடுத்த தலைமுறை ஹெட்செட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"வரப்போறது மூக்குக்கண்ணாடி மாதிரி லேசா இருக்குமாம். மாட்டியிருக்கிறதே தெரியாதாம்."

"லேசா இருந்தா பேட்டரிய எங்க வைப்பான்?"

"வயரு விட்டு பாக்கெட்டுல வச்சிக்கலாம்."

"பந்து அடிக்கிறப்ப வயரு கையில சுத்திக்கும்ங்க. அதோட, வில்லை மெலிசானா வெளிச்சத்த நெறைய தின்னுடும். அதுக்கு ஸ்கிரீனு இன்னும் பளிச்சுன்னு எரியணும். எரிஞ்சா சூடாகும். பேட்டரியும் சீக்கிரம் தீரும்."

அவருடைய முகம் வாடியது. எனக்கு உள்ளே வெல்லமாக இனித்தது. ஒன்றைக் கேட்டால் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்கிற விதியை எவன் வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு செவ்வாய் மத்தியானம், சமையல் முடிந்த கையோடு அந்தப் பினாங்குக்காரியைப் பார்த்தே தீருவது என்று அவருடைய ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் பெயரிலேயே கருவி திறந்தது. பெரிய கூடம், நடுவில் மேசை. சற்று நேரத்தில் எதிரே அவளுடைய உருவமாக ஒரு பொம்மை வந்து நின்றது. நீல உடம்பு, மாறாத புன்னகை.

"என்னண்ணே, இந்நேரத்துல? லீவா?" என்றது. ஷிப்டு வேலைக்குப் போகிற பெண் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"கை மரத்துப் போகுதுன்னீங்களே, இப்ப தேவலையா? டாக்டர் நரம்பு டெஸ்டு எடுக்கச் சொன்னாருன்னீங்க. போனீங்களா இல்லையா?"

அண்ணே என்று அவள் கூப்பிட்டதில் நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. வேறு எதுவாக இருந்திருந்தாலும் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அந்தக் கையைத் தினமும் பார்க்கிறவள் நான். அது மரத்துப்போகிற செய்தி எனக்குத் தெரியாது, முகமே இல்லாத ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. பதறிப்போய்க் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கழற்றிய வேகத்தில் என் ஸ்டிக்கர் பொட்டு உள்ளே ஒட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வில்லைகளுக்கும் நடுவே, ஆள் மாட்டியிருக்கிறாரா என்று பார்க்கிற சிறிய சென்சார் ஒன்று இருக்கும். பொட்டு சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்துக் கருவி அணையாமல் ஓடி, பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் பொட்டை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். "அலமாக், யாரு இது உள்ள?" என்று சிரித்தார்.

"கை மரத்துப் போகுதாமே" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ஆட்டத்துல பந்து தவறிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொன்னேன்."

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி மாறிடும். அத என்னால பாக்க முடியாதும்மா. அங்க யாரு மூஞ்சியும் தெரியாது. மனசுல இருக்கிறது தானா வந்துடுது." பொட்டை என்னிடம் நீட்டியபடி சொன்னார்: "அடுத்து வர்ற ஹெட்செட்டுல மூஞ்சிய அப்படியே காட்டுவானாம். அழுதா அழுவுறது தெரியுமாம். எனக்கு அது வேணாம். இந்தக் கனமே இருந்துட்டுப் போகட்டும்."

நான் சோற்றைப் போட்டேன். என் மூஞ்சி அப்போது எப்படி இருந்ததோ, அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி, நரம்பு டெஸ்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். டெஸ்டு முடிவைக் கையில் வைத்துக்கொண்டும் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தெரிந்தவரிடமிருந்து பழைய ஹெட்செட் ஒன்றை எனக்காக வாங்கி வந்தார். புதிய தலைமுறை ஹெட்செட்டின்மேல் வைத்திருந்த ஆசை அதோடு சரி. ஹாலின் இந்த மூலையில் நான், அந்த மூலையில் அவர் என்று நின்றுகொண்டு உள்ளே போனோம். அங்கே எனக்கும் ஒரு பொம்மை உருவம் கிடைத்தது. ஆரஞ்சு உடம்பு, அதே மாறாத புன்னகை.

எனக்குப் பந்து அடிக்க வரவில்லை. அவர் இடதுகையால் மெதுவாகப் போட்டார். நாலைந்து பந்து போனபின் மட்டையைத் தாழ்த்திவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"பாலத்துல ரெண்டு தடவ பிரேக்க சரியாப் பிடிக்க முடியல. ஒரு தடவ லாரிக்கு அடியில போயிருப்பேன். அன்னிலேருந்து தினம் கெளம்புறப்ப பயமா இருக்கு. வேலைய விட்டுடலாமான்னு தோணுது."

என் முகம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஹெட்செட்டுக்குள்ளே கண்ணீர் வில்லையில் வழிந்து, அவர் மங்கலாகிவிட்டார். விசும்பல் அவருக்குக் கேட்காதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அங்கே ஆரஞ்சுப் பொம்மை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும். ஏனென்றால் அவருடைய குரல் லேசானது.

"நீ இப்படிக் கேட்டுக்குவேன்னு தெரிஞ்சிருந்தா, எப்பவோ சொல்லியிருப்பேன்" என்றார் அதனிடம்.