பளபளத்த இணைப்பு

“நகைக்கடை அடுத்த தெருவுல இருக்கு, மாப்பிள்ளை. இது நங்கூரக் கடை.”

யாரும் எதுவும் கேட்கவில்லை. மருமகன் தன் முதலாளியோடு அப்போதுதான் படியேறியிருந்தான். முதலாளியின் கண் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்த சுழல் இணைப்பில் விழுந்திருந்தது.

கடைக்கார மாமனாரின் நாக்கு ஊரறிந்தது. வந்தவர்களை வெட்டிப் பேசியே வியாபாரம் செய்தவர். சரக்கு சுத்தம் என்பதால் வாங்கிக் கட்டிக்கொண்டும் வந்தார்கள். மருமகனுக்குப் பெரிய உல்லாசப் படகொன்றில் வேலை. முன்தளமும் நங்கூரமும் அவன் பொறுப்பு. புயல் காலத்துக்கு முன் எல்லாம் புதிதாக மாற்றியாக வேண்டும்.

கனமான நங்கூரத்துக்கும் நீளச் சங்கிலிக்கும் முதலாளி ஒத்துக்கொண்டார். இரண்டையும் பூட்டத்தான் கறுத்த இரும்பு வளையம் வேண்டாமாம். படகின் மூக்குக்கு இந்தச் சுழல் இணைப்புதான் எடுப்பாம்.

“நேரா இழுத்தா யானையைக்கூட தாங்கும். காத்து திரும்பி பக்கவாட்டுல இழுத்தா கழுத்து முறிஞ்சிடும். மாப்பிள்ளைக்குத் தெரியாததா? சொல்லுங்க மாப்பிள்ளை.”

தெரியும். ஆனால் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. வேலை போனால் இந்த நாக்குக்குக் கீழேதான் காலம் தள்ள வேண்டும்.

“முதலாளி எடுத்தா சரியாத்தான் இருக்கும், மாமா.”

“தலையாட்டிப் பொம்மைக்கா என் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன்!” முதலாளியே வாய்விட்டுச் சிரித்தார். மாமனார் விடவில்லை. “வேற யாரா இருந்தா இதை வித்திருக்க மாட்டேன். உங்களுக்குத் துடைச்சே தரேன். பட்டாத்தான் புத்தி வரும்.”

பட்டான். புயலில் காற்று திசை மாறியதும் இணைப்பு முறிந்து, படகு பாறையை நோக்கி நகர்ந்தது. மருமகன் ஓடிப்போய் இரண்டாவது நங்கூரத்தை இறக்கினான். அது பிடித்துக்கொண்டது. ஆனால் விர்ரென்று ஓடிய சங்கிலி அவன் வலக்கை விரல்களைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கட்டைவிரல். முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பினார். கையோடு வேறு ஆளையும் பிடித்துக்கொண்டார்.

அவன் படுக்கையில் கிடந்தபோதே மகள் பிறந்தாள். விரலை நீட்டினால் கப்பென்று பற்றிக்கொள்வாள். அவள் கொட்டாவி விட்டால் வீடே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஒருவரிடமும் நல்ல வார்த்தை சொல்லாத மாமனார் “தங்கமே, ராசாத்தி” என்று குழைந்தார்.

இன்று காலை மருமகன் வீடு திரும்பினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு கைகளையும் நீட்டினான்.

“அப்பா, அவர்கிட்ட குடுங்கப்பா,” என்றாள் மனைவி.

மாமனார் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

“உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, மாப்பிள்ளை. அவர் சரின்னா தரேன்.”