பூட்டுக்கு வைத்த பெயர்

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. புதுச்சேரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை. செருப்போடு அந்த அறைக்குள் யார் நுழைந்தாலும் முறைப்பேன். வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று ரகசியச் சொல் ஒன்றும் போட்டு வைத்தேன். அதை எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தன்னிடம் கொடுக்கும்படி அதிகாரி இரண்டு முறை கேட்டார். இதோ அதோ என்று இழுத்தடித்தேன். ஏனென்றால் அந்தச் சொல் என் கணவரின் பெயர். என் வாயில் வராத பெயரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எழுதிக் கொடுக்கவோ வெட்கம்.

அந்த நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. போலகம் கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, என்னை உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். எட்டாம் நாள் காலை கூடத்தில் போன் அடித்தது. மாமனாரின் உர வியாபாரத்துக்காக வாங்கிய போன் அது. புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண் பேசினாள்.

“அக்கா, இன்டர்வியூ லிஸ்ட் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள புதுச்சேரிக்கு வந்தாவணும்னு சார் அங்கேருந்து போன் பண்ணினாங்க. பன்னெண்டு மணி பஸ்ஸுல பியூன் அண்ணன் கொண்டு போவணும். கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குதுக்கா.”

அந்தப் பட்டியல் போகாவிட்டால் காரைக்கால்காரர்கள் ஒருவருக்கும் அழைப்பு வராது. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறவர்கள் அதில் இருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. எல்லாம் என் ஒரு வெட்கத்தால்.

“எங்க வீட்டுக்காரர் பேரு அடி,” என்றேன் மெதுவாக.

“அவங்க பேரு எனக்கும் தெரியாது, பியூன் அண்ணனுக்கும் தெரியாதேக்கா.”

என் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. அது அதிகாரியின் பீரோவில். சாவி அவரோடு புதுச்சேரியில். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். லைனில் ஒரே இரைச்சல், பாதி போய்ச் சேரவில்லை. மாமியார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரைச் சொல்லச் சொல்லலாம். உங்கள் மகன் பெயரைத்தான் ஆபீசில் பூட்டாகப் போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கூச்சம் பிடுங்கித் தின்றது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

போனில் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல் முறை.

“கேக்கலக்கா.”

“கேக்கலயா?” என்றேன், அழாத குறையாக.

“அந்தப் பொண்ணுக்குக் கேக்கலயாமே,” என்றார் மாமியார். “நல்லாச் சத்தமாச் சொல்லு.”

கத்தினேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

“தொறந்துடுச்சுக்கா.”

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. திரையில் இருப்பதை அவள் அங்கிருந்து படிப்பாள், அடுத்து எதைத் தட்ட வேண்டும் என்று நான் இங்கிருந்து சொல்வேன். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் போனில் வந்தது. அவ்வளவு கர்ண கடூரமான சத்தம் எனக்கு அன்று தேனாக இருந்தது.

பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் மறுபடி போன். “அண்ணன் ஏறிட்டாங்கக்கா. பஸ் கெளம்பிடுச்சு.”

போன உயிர் திரும்பி வந்தது. அதுவரை மறந்திருந்த அரிப்பும் கூடவே வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

“பேரைச் சொன்னதுக்கா அழுவுற?” என்றார் மாமியார்.

“இல்லீங்க அத்தை. லிஸ்ட் போயிடுச்சு. அந்த நிம்மதி.”

இளநீர் ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தார். “கூப்பிடத்தானே அவனுக்குப் பேரு வெச்சோம்,” என்றார்.

மாமனாரின் பெயரை அவர் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.