பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஒரு ரோலர் கோஸ்டர்

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. என் இன்ஜினியரிங் படிப்புக்காக அப்பா வாங்கியது. அண்ணன் அதைத் தன்னுடையது என்று நினைத்தான், நான் என்னுடையது என்று நினைத்தேன். நான் நினைத்ததுதான் சரி. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

படிப்பு முடிந்து நான் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்து, நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே எங்களை வளர்த்தவர். அண்ணனும் அதே சுரங்கத்துக்குத்தான் போனான், ஆனால் கான்ட்ராக்டில். ஒரே பஸ் ஸ்டாப்பில் அப்பாவும் மகனும் நின்று வேறுவேறு பஸ்ஸில் ஏறுவார்கள். அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவன் என்னை வைத்திருக்கவும் இல்லை.

எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் ஒரு விளையாட்டை வைத்துத்தான். கம்ப்யூட்டரில் தீம் பார்க் கட்டும் விளையாட்டு. நிலம் கொடுப்பார்கள். அதில் ராட்டினம், பாப்கார்ன் கடை, கழிப்பறை எல்லாம் கட்டலாம். எங்கள் இருவருக்கும் அதில் வேண்டியது ரோலர் கோஸ்டர் மட்டும்தான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாக நாமே வைத்து, எங்கே ஏற வேண்டும், எங்கே விழ வேண்டும், எங்கே தலைகீழாகப் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு வெறும் ரயிலை ஓட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அண்ணன் நீளமாகக் கட்டுவான். ஏரியைச் சுற்றி, மலையைத் துளைத்து, பார்க்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. நான் சின்னதாகக் கட்டுவேன். நிலம் கொட்டிக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். ஒரு சின்னச் சதுரத்துக்குள் ரயில் தன் மேலேயே ஏறி, தனக்குள் தானே நுழைந்து வெளியே வர வேண்டும் என்றால் கொஞ்சம் மூளை வேண்டும். வளைவு இறுகினால் வேகத்தின் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் விளையாட்டுக்குள் வரும் குட்டிக் குட்டி ஆட்கள் வாசல்வரை வந்து, அண்ணாந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் ஒரே பார்க்கை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டுதான் விளையாடினோம். ஒருநாள் திறந்து பார்த்தால் என் கோஸ்டர் இருந்த இடத்தில் அவனுடைய தூண்கள் நிற்கின்றன.

"என்னோடது எங்க?"

"எடுத்துட்டேன். வழியில இருந்துச்சு."

"யாரக் கேட்டு எடுத்த?"

"அது ஒரு கோஸ்டரா? கொசுவத்தி மாதிரி சுத்தி வெச்சிருந்த."

அதோடு பார்க் இரண்டானது. பேச்சும் ஏறக்குறைய நின்றது. அவன் ஷிப்டில் இருக்கும் நேரம் நாற்காலி எனக்கு, வந்ததும் அவனுக்கு. சம்பாதிக்கிற பிள்ளை என்பதால் அம்மா வகுத்த சட்டம் அது.

அப்படி இருக்கும்போது, இந்த விளையாட்டை ஆடுகிறவர்களுடைய இணையக் குழு ஒன்றில் போட்டி அறிவித்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம். அதற்குள் ஒரு முழு கோஸ்டர். ஸ்டேஷனும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும், ஆட்கள் அதில் விரும்பி ஏற வேண்டும், தரைக்குக் கீழே தோண்டக் கூடாது. தோண்டக் கூடாது என்பது நெய்வேலிக்காரிக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனைதான். இருந்தாலும் இறங்கினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கட்டிக் கட்டிக் கலைத்தேன். கடைசியில் ஒரு வடிவம் வந்தது. ஸ்டேஷனை விட்டதும் ரயில் செங்குத்தாக ஏறும். உச்சியில் ஒரு நொடி தயங்கி, ஸ்டேஷன் கூரையை உரசுகிற மாதிரி விழும். விழுந்த வேகத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, திருகிக்கொண்டு அந்த வட்டத்தின் நடுவிலேயே நுழைந்து திரும்பும். குட்டி ஆட்கள் வரிசையில் நின்றார்கள், ஒருவர்கூடத் தலையாட்டவில்லை. குழுவில் போட்டேன். பல நாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நான்கு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு கணக்கிலிருந்து ஒரு குற்றச்சாட்டு வந்தது. 'இது என்னுடைய வடிவமைப்பு. இவர் திருடிவிட்டார். என் பழைய படம் இதோ' என்று எழுதி ஒரு படத்தையும் போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான் பாதியில் விட்ட வடிவம். அதை நான் எங்கேயும் போடவே இல்லை. அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. என்னைத் தவிர அந்த நாற்காலியில் உட்காருகிறவன் ஒருவன்தான்.

போட்டி நடத்துகிறவர் எழுதியிருந்தார்: படிப்படியாகக் கட்டிய கோப்புகளை அனுப்புங்கள், இல்லையென்றால் நாளை மாலைக்குள் முதலிலிருந்து கட்டிக்காட்டி, திரையைப் பதிவு செய்து அனுப்புங்கள். கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தேன். காலி. குப்பைத் தொட்டியும் சுத்தமாகக் காலி.

அதை நான் பார்த்தபோது காலை. அண்ணன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. கிடைக்காததால் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டு, கட்ட ஆரம்பித்தேன்.

ஞாபகத்தில் இருந்து கட்டுவது எளிது என்று நினைத்திருந்தேன். கையில் இருந்தது, தலையில் இல்லை. ரயிலை உச்சிக்குத் தூக்கும் சங்கிலி வரைக்கும் வந்துவிட்டது. வட்டம் வந்தது. திருகும் இடத்தில் தண்டவாளம் தண்டவாளத்தில் இடித்தது. பிரித்தேன். மறுபடி இடித்தது. சமையலறையிலிருந்து அம்மா ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாங்க் பரிச்ச எழுதுடின்னா எழுத மாட்ட. வெங்காயம் உரிச்சுக் குடுன்னா வர மாட்ட. காலைல இருந்து ராட்டினம் சுத்திக்கிட்டு இருக்க."

நான் மறுபடி பிரித்தேன். மதியம் தாண்டி அண்ணன் வந்தான். குளித்தும் நகக்கண்ணில் கரி போகாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"எந்திரி."

"மாட்டேன்."

"மூணு மணிக்கு மேல என் டைம்."

"என் ஃபைலயெல்லாம் எதுக்கு அழிச்ச?"

அவன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "ஆமா, அழிச்சேன். படம் போட்டதும் நான்தான். இப்ப என்னாங்கற?"

நான் திரும்பாமலே கேட்டேன். "ஏன்டா?"

"ஏன்னா? நீ வீட்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பொம்ம ரயில் ஓட்டுவ, உலகமே சூப்பர் சூப்பர்னு கை தட்டும். நான் எட்டு மணி நேரம் கரி போற பெல்ட்டுக்குக் கீழ சிந்துனத அள்ளிட்டு வர்றேன். சாப்டியான்னு ஒருத்தன் கேட்டதில்ல. பையன் எப்ப பெர்மனென்ட் ஆவான்னு அப்பாகிட்ட எல்லாரும் கேக்குறாங்க. என்கிட்ட ஒருத்தன் பேசுறதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீ பெர்மனென்ட் ஆகலன்னா என் கோஸ்டர உடைப்பியா?"

அவன் மவுஸைப் பிடுங்க வந்தான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். "கடிக்கிறாம்மா!" என்று அலறினான். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மேல்வீட்டு அக்கா, காடாம்புலியூர்க்காரர், கலைந்த தலையோடு நின்றார்.

"என்னங்க இது, வூட்டுக்குள்ள இப்டி கத்திகினு இருந்தா எப்டிங்க? எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்டுக்குப் போவணும்னு இப்பதான் கண்ண மூடுனாரு. தூங்க வாணாமா? ஒரு நாளா ரெண்டு நாளா, தெனமும்தான் சண்ட போட்டுகினு இருக்கீங்க."

அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் அந்த அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் நான் திருகும் இடத்தை ஒரு படி கீழே இறக்கிப் பொருத்திவிட்டேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு திரையையே பார்த்தான். நான் ரயிலை விட்டேன். ஏறியது. விழுந்தது. வட்டத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்பு மூச்சு வாங்கி, பின்னோக்கி வழிந்து, பள்ளத்தில் அப்படியும் இப்படியும் ஆடி நின்றுவிட்டது.

அண்ணன் சிரித்தான். "நின்னுபோச்சு."

நான் தூக்கும் உயரத்தைக் கூட்டினேன். இப்போது வேகம் அதிகமாகி அழுத்தத்தின் எண் சிவப்பில் வந்தது. அவன் மறுபடி சிரித்தான். ஒரு துண்டு குறைத்தேன். ரயில் வட்டத்தைத் தாண்டி, அதன் நடுவே புகுந்து, பிரேக்கில் உட்கார்ந்து, ஸ்டேஷனுக்கு வந்தது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் பதிவை அப்படியே அனுப்பிவிட்டு, அவனுக்கு நாற்காலியை விட்டுக்கொடுக்காமல் சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மேசையில் கிடந்த ஹெட்போனின் மைக் வேலை செய்துகொண்டிருந்தது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சண்டை முழுவதும் பதிவில் இருந்தது. நடத்துகிறவர் அதைக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து, 'சந்தேகமே இல்லை, இவர்தான் கட்டியவர். ஆனால் அங்கே எல்லோரும் நலமா?' என்று கேட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து விளையாடும் ஒரு தமிழர் கீழே வரிக்கு வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார். பெல்ட்டுக்குக் கீழே கரி அள்ளுவது, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காதது, மேல்வீட்டு அக்காவின் தூக்கம், எதையும் விடவில்லை.

முதல் சில நிமிடம் எனக்குக் கொண்டாட்டம். அவன் ஒப்புக்கொண்டது உலகத்துக்கே கேட்டுவிட்டது, இனி தலை நிமிரட்டும் பார்ப்போம் என்று இருந்தது. பிறகு கருத்துகளைப் படித்தேன். என் கோஸ்டரைப் பற்றி நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். மீதியெல்லாம் அவனைப் பற்றி. 'பாவம் அந்த அண்ணன்.' 'அவர் சாப்பிட்டாரா?' 'என் அப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார், அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.' கடித்தது தப்பு என்று எனக்கு ஒருவர் அறிவுரை வேறு எழுதியிருந்தார். என் வேலையைத் திருடிவிட்டு, என்னையே 'திருடி' என்று சொன்னவன். அவனுக்கு ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் சோறு போடத் தயாராக இருந்தார்கள்.

அன்று ஷிப்ட் முடிந்து வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினேன். "படி. உன்னப் பத்திதான்."

நின்றபடியே படித்தான். கீழேவரை நகர்த்தி, மறுபடி மேலே போய்ப் படித்தான். மன்னிப்புக் கேட்பான் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"பாத்தியா" என்றான். "அவங்களுக்குத் தெரியுது."

அந்த வாரமே தன் சொந்தப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினான். போட்டி நடத்துகிறவர் பொய்க் கணக்கை நீக்கிவிட்டிருந்தார். இந்தக் கணக்கை எல்லோரும் வரவேற்றார்கள். ஏரியைச் சுற்றும் அவனுடைய நீள கோஸ்டருக்கு என்னுடையதைவிட அதிகம் பேர் விருப்பம் தெரிவித்தார்கள். போட்டியில் எனக்கு இரண்டாவது இடம். முதலிடம் வந்ததில் குறை கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மேல்வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் அப்பாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அப்பா எதுவும் விசாரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் பவர் கேபிளைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அண்ணன் பண்ருட்டிக்குப் போய் வேறு கேபிள் வாங்கி வந்து, ஷிப்டுக்குப் போகும்போது அவனும் அதைத் தன்னோடு எடுத்துப் போனான். நான் முந்திரிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்ததற்கு உண்மையான காரணம் அதுதான். எனக்கென்று ஒரு லேப்டாப், அதற்கென்று ஒரு பூட்டு.

அப்பா ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குள்ளஞ்சாவடிப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். அண்ணன் இன்னும் கான்ட்ராக்ட்தான். அவனும் நானும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொள்வோம். சண்டை இல்லை, சமாதானமும் இல்லை. நான் இப்போதும் சின்னதாகத்தான் கட்டுகிறேன். இப்போது எட்டுக்கு எட்டில் முயன்றுகொண்டிருக்கிறேன்.

போன தையில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் பெண் வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இது என் தங்கச்சி. கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. வெளிநாட்டுக்காரனெல்லாம் கேட்டு வாங்குவான்" என்றான். கிண்டலா, பெருமையா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். மாலையும் சந்தனமுமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பெண்ணின் அத்தை, "அப்டிங்களா, என்னம்மா பண்ற?" என்று ஆவலாகக் கேட்டார்.

"கணக்கு எழுதுறேங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனேன். கூட்டம் அதிகம். மூன்றாவது பந்தியில்தான் இடம் கிடைத்தது.