ஆயுத பூஜைக்குக் கழுவிய கோதுமை

எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததற்கு டாக்டர் உப்பைக் காரணம் சொன்னார். உப்பு என்ன பாவம் செய்தது? ஆதிலட்சுமியோடு பத்து வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் வரும்.

என் பெயர் மௌலி. அண்ணன் கோயிலில் பூஜை செய்கிறார். நான் திருவண்ணாமலை தானியக் கிடங்கில் டைப் அடிக்கிறேன். ஆதிலட்சுமி எழுபத்தைந்தில் வந்து சேர்ந்தாள். வருகிற தானியத்தைச் சோதித்து, நல்லதா கெட்டதா என்று கையெழுத்துப் போடும் வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வந்ததும் என் டிபன் டப்பாவை மோந்து பார்ப்பாள்.

"மௌலி சார், இந்த இட்லிப் பொடியில ஈரம் பட்டிருக்கு. பூசண வாடை அடிக்குது. வீட்ல சொல்லுங்க."

என் மனைவி தர்மாம்பாள் இடித்த பொடி அது. அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

கோதுமையில் என்ன பூசணம் இருக்கிறது என்று சொல்ல ஆதிலட்சுமிக்கு ஏழு நாள் வேண்டும். கண்ணாடித் தட்டில் ஈர மையொற்றுத் தாளை விரித்து, இருபத்தைந்து மணிகளை அடுக்கி மூடி வைப்பாள். ஏழாம் நாள் அதில் முளைத்திருப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். கறுப்பு, சாம்பல், நீலப்பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். மஞ்சள்பச்சையைக் கண்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"மத்தது கோதுமையைக் கெடுக்கும் சார். இது திங்கிறவங்க ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும் போவாது, வேக வெச்சாலும் போவாது. எங்க வீட்ல பூசணம் புடிச்ச மல்லாட்டப் புண்ணாக்கத் தின்னு ரெண்டு கன்னுக்குட்டி செத்துச்சு." மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

எழுபத்தொன்பதில் மழை கொஞ்சம் ஜாஸ்தி. கிடங்குக் கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டு, இருநூறு மூட்டை கோதுமை நனைந்தது. பால்வாடிக் குழந்தைகளுக்கு ரவை உடைக்க வைத்திருந்த கோதுமை. முதல் லாரி அடி அண்ணாமலைக்குப் போக வேண்டும். எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் சந்திரம்மாளின் நாலு வயது மகள் வேதா அந்தப் பால்வாடியில்தான் இருந்தாள். பத்து நாளாக அங்கே அடுப்பு எரியவில்லை.

மேலாளர் தருமன் கெட்டவர் இல்லை. "வெயில்ல கொட்டி காயவெச்சு, சலிச்சு அனுப்பிடலாம். கையெழுத்து போடும்மா" என்றார்.

"ஏழு நாள் குடுங்க சார்."

எனக்கு வயிறு எரிந்தது. குழந்தைகள் பசியோடு வீடு திரும்புகின்றன, இவள் தட்டில் பூசணம் வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதுபடவே சொன்னேன். அவள் தட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் ஆயுத பூஜை. அலுவலகப் பூஜை என்றால் என் தலையில்தான் விழும். "ஒண்ணு விடாம எல்லாத்தையும் கழுவி வை" என்று சந்திரம்மாளிடம் சொன்னது நான்தான், மறைப்பானேன். ஆதிலட்சுமி வரும் பஸ்ஸுக்கும் அன்று பூமாலை, பூசணிக்காய் என்று பூஜை உண்டு. அவள் வந்தபோது மணி பன்னிரண்டு.

எட்டுத் தட்டும் பளபளவென்று சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன.

"பச்ச பச்சயா பூத்துக் குமட்டிச்சும்மா, வெளக்கிட்டேன்" என்றாள் சந்திரம்மாள். "தானியத்த நல்ல நாளும் அதுவுமா வீசக் கூடாதுன்னு மூணு தண்ணி வுட்டுக் கழுவி, காயவெச்சு, சாமி முன்னால வெச்சிருக்கேன்."

ஆதிலட்சுமி கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஏழு நாள் சார்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு எழுந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்தில் கை வைக்கப் போனாள்.

"தொடாதே. நாளைக்குப் புனர்பூஜை முடிச்சுதான் எடுக்கணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த மாதிரி தர்மாம்பாள்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் காத்திருந்தாள்.

மறுநாள் தருமன் அந்த மணிகளைக் கையில் கொட்டிப் பார்த்தார். "பாத்தியாம்மா, கழுவினா எப்படி பளிச்சுனு இருக்கு. நானும் இதைத்தானே சொன்னேன்."

"சரி சார். இதையே திரும்ப ஈரத்தாள்ல வைக்கிறேன். சுத்தமா இருந்தா பேசாம கையெழுத்து போடறேன். பூத்துச்சுன்னா நீங்க போடணும், ஒரு மூட்டையும் வெளிய போவக் கூடாதுன்னு."

தருமன் ஒப்புக்கொண்டார். "மறுபடியும் ஏழு நாளா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அஞ்சு போதும். உள்ள இருந்தா சீக்கிரமே வெளிய வந்துடும்" என்று சொல்லி, தட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த ஐந்து நாளும் சந்திரம்மாள், "வண்டி எப்ப சாமி போவும்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

ஐந்தாம் நாள் ஆதிலட்சுமி மூடியைத் திறந்தாள். பாதிக்கு மேல் மஞ்சள்பச்சை. மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னாள்.

"ஒரே சிவப்பா தெரியறதே?"

"அது நீங்க வெச்ச குங்குமம் சார்." முந்தானையால் லென்ஸைத் துடைத்துவிட்டாள். இப்போது தெரிந்தது. காம்பு நீண்டு, தலை சாமந்திப்பூ மாதிரி விரிந்து, மணி முழுக்க அதுதான். தருமனும் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றே வேறு கிடங்கிலிருந்து கோதுமை கேட்டுத் தந்தி கொடுத்தோம். நாலாம் நாள் வந்து சேர்ந்தது.

சந்திரம்மாள் துடைப்பத்தோடு நின்ற இடத்திலேயே நின்றாள். "மூணு தண்ணி வுட்டுக் கழுவினேனேம்மா. வேதாவுக்கும் இப்டிதான். ரேஷன் கோதும பூத்திருந்தா கழுவிக் காயவெச்சு, அரைச்சுக் கஞ்சி ஊத்தறேன்."

 ஆதிலட்சுமி சொன்னாள்: "வீட்ல இருக்கறதுல ஒரு பிடி முடிஞ்சு எடுத்துட்டு வா. நான் பாத்துச் சொல்றவரைக்கும் அரைக்காத."

மறுநாள் சந்திரம்மாள் முடிச்சோடு வந்தாள். அவளோடு அவள் தெருப் பெண்கள் நாலு பேர். அடுத்த வாரம் வாசல்வரை வரிசை. தட்டுப் போதாமல் ஆதிலட்சுமி தேநீர் கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டும் திருப்பணி யாருக்கு? எனக்கு. டைப் அடிக்க வேண்டிய கடிதங்கள் மேஜையில் மலையாகக் கிடந்தன. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், தலையைத் தூக்காமலே, "அடுத்தது யாரு, சீக்கிரம்" என்று அதட்டினேன்.

பழகிய எவர்சில்வர் டப்பா ஒன்று என் மேஜையில் உட்கார்ந்தது. நிமிர்ந்தால், தர்மாம்பாள்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இட்லிப் பொடிம்மா" என்றாள் ஆதிலட்சுமியிடம். "நாலு வருஷமா சொல்லிண்டிருக்கேளாமே, சந்திரம்மா சொன்னா. இந்த மனுஷர் ஒரு தடவை வாயத் திறக்கலே. குழந்தைகளும் இதைத்தான் தின்னுண்டிருக்கா."

ஆதிலட்சுமி காலித் தட்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதில் என் பெயரை எழுதி ஒட்டினேன்.