இல்லாத பிரேக் கோளாறு

ஐ.டி. வேலைக்காக மதுரையிலிருந்து ஹைதராபாத் வந்த மூன்றாம் வருடம், என் மனைவிக்கு ஏழாவது மாதம். அவள் பஸ்ஸில் அலைய வேண்டாமென்று, பழைய சின்னக் கார் ஒன்றைப் பார்க்க லாலாகுடாவுக்குப் போனேன். விற்பவர் சாமிநாதன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவந்த தமிழர்.

வண்டி நன்றாகவே இருந்தது. ஓட்டிப் பார்த்து இறங்கியதும், விலையைக் குறைப்பதற்காக, "பிரேக் சரியா பிடிக்கலையே சார்" என்று பொய் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப இன்னிக்கு நக்கோ, வேணாம் சார். மாசமா இருக்கிறவங்களுக்குன்னு சொன்னீங்க. சரிபார்த்துட்டுக் கூப்பிடறேன்."

இரண்டு நாள் கழித்து போன் செய்தார். "லீவு போட்டு மெக்கானிக்கிட்ட காட்டினேன். ஒண்ணும் இல்லேங்கறாரு. எனக்கு மனசு கேக்கல, பிரேக் பேடெல்லாம் புதுசா மாத்திட்டேன்."

நேரில் போய் உண்மையைச் சொன்னேன்.

"குறைச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்கலாமே சார். இத்தனை நாளா என் பொண்ணு அந்த வண்டியிலதான் காலேஜுக்குப் போனா. ரெண்டு நாளா அதையே நினைச்சு உடம்பு பதறிச்சு" என்றார்.

அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன். இன்றும் எதை வாங்கினாலும் பேரம் பேசுகிறேன். ஆனால் இல்லாத குறையைச் சொல்ல வாய் வருவதில்லை.