கழற்ற முடியாத குரல்

டில்லிபாபுவை முதலில் அடித்தவன் அவன் மச்சான் மதுரைவீரன்தான். திருவேற்காட்டில் ஒரு மண்டபத்தில், சொந்தக்காரர்கள் கண்ணெதிரே, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவன் நெற்றியில் அடித்தான். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கீழே விழுந்தவனை வேறு இருவர் வயிற்றில் உதைத்தார்கள்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவள் டில்லிபாபுவின் மனைவி, மதுரைவீரனின் தங்கை தேவிப்பிரியா. வளைகாப்பு, பிறந்தநாள் விழாக்களுக்கு மேடை அலங்காரம் செய்வது அவள் தொழில். கணவனுக்கு ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தும் மனநோய். அம்மனைக் கும்பிடும்போதெல்லாம் சிலையை எட்டி உதைப்பதுபோல ஓர் எண்ணம் மண்டைக்குள் பாயும். அந்தப் பாவத்தைத் தீர்க்க, உதடு கிழியும்வரை தன்னையே அறைந்துகொள்வான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த லேத் வேலையும் அதனால் போயிற்று. ஒருவர் எதைப் பெரிதாக மதிக்கிறாரோ அதைத்தான் இந்த நோய் தாக்கும் என்றார் டாக்டர். சொந்தபந்தங்களுக்கும் அது புரியட்டும் என்று கணவனையே மேடையில் பேச வைத்தாள். எண்ணம் என்னவென்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி பறந்தது.

"அவங்க அடிச்சது நாயம்தான் பிரியா. நான் பாவி" என்றான், நெற்றியில் தையலோடு. அடி வாங்கியது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

"நீ பேசனது போதும்யா. உன் மண்டைக்குள்ள ஓடறத இனிமே அவங்க காதால கேக்கட்டும்" என்றாள்.

அண்ணன்மேல் கொடுத்திருந்த போலீஸ் புகாரைத் திரும்பப் பெற அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: அண்ணன் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும். அயனம்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் அது நடந்தது. உயிராக நினைப்பவர் படத்தை அவரவர் செல்போனில் பார்த்தபடி, இந்த நோயாளிகளின் மண்டைக்குள் ஓடும் எண்ணம்போலப் பதிவு செய்த ஒரு குரலை ஹெட்போனில் கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வெளியே போய்விடலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

மதுரைவீரன் தன் மகள் சிம்ரனின் படத்தைப் பார்த்தான். குரல் மெதுவாகச் சொன்னது: "நீ இவள வெட்டப் போற. கத்தி எங்க கீதுன்னு உனக்குத் தெரியும்."

ஹெட்போன் சுவரில் பட்டுச் சிதறியது. அவன் தங்கையின் கூந்தலைப் பிடித்து இழுத்து வாயிலேயே அறைந்தான். "என் பொண்ண நான் வெட்டுவேனாடீ? இன்னாடி எழவு இது!"

டில்லிபாபு பாய்ந்து அவன் கையை முறுக்கிப் பிரித்தான்.

தேவிப்பிரியா ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நீ கழட்டிட்ட அண்ணா. இவரால கழட்ட முடியல."

மதுரைவீரன் வெளியே ஓடி, சாக்கடையோரம் வாந்தி எடுத்தான். பிறகு, பின்னால் வந்து நின்ற டில்லிபாபுவைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"தெனமும் இப்டியா மாப்ளே?"

"கோயிலுக்குப் போற அன்னிக்கு இன்னும் ஜாஸ்தி."

மதுரைவீரன் மன்னிப்பு கேட்காமலே போய்விட்டான். தேவிப்பிரியா புகாரைத் திரும்பப் பெற்றாள். அந்தக் குரல் பதிவையும் டாக்டரிடம் கேட்டு மாற்றினாள். அவ்வளவு கொடூரம் தேவையில்லை என்று அவளுக்கே பட்டது. டில்லிபாபு மாத்திரையும் சிகிச்சையுமாக மேனாம்பேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஒருநாள் மதுரைவீரனின் மனைவி பேபி வந்து ஒரு சேதி சொன்னாள். மண்டபத்தில் உதைத்தவர்களில் ஒருவனான சரண், டில்லிபாபுவைப் பைத்தியம் என்று சொல்லியிருக்கிறான். மதுரைவீரன் அவன் பல்லை உடைத்துவிட்டான்.

தேவிப்பிரியாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. மறுநாளே சரண் வீட்டுக்குப் போய், வாய் வீங்கிக் கிடந்தவனை அடுத்த கூட்டத்துக்கு அழைத்தாள்.